1/350 டைட்டானிக் மாடல்: பித்தளையா, விளக்கா, மரத்தளமா?

நீங்கள் 1/350 அளவில் டைட்டானிக் கப்பலின் பிளாஸ்டிக் கிட் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். இதற்கு முன் இரண்டு சிறிய போர் விமானங்களை ஒட்டிய அனுபவம் மட்டுமே உண்டு. மெல்லிய பித்தளைத் தகட்டில் வெட்டிய நுண்பாகங்கள், தளத்தின் மேல் ஒட்டும் மரத்தகடு, விளக்குத் தொகுப்பு ஆகிய மூன்றையும் வாங்கினால் கிட்டின் விலையைப்போல் இரண்டு மடங்கு செலவாகும் என்பதால், எது அவசியம், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். கேள்வி கடைக்குப் போகும் பட்டியலைப் போல இருந்தாலும், முக்கால் மீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் பொருள் எப்போது பொம்மையாகத் தெரிகிறது, எப்போது கப்பலாகத் தெரிகிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன். இயந்திர வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதே கப்பலை இதே அளவில் இரண்டு முறை கட்டியிருக்கிறேன். முதல் முறை கெடுத்தேன் என்பதால் இரண்டாம் முறை. 1/200 அளவில் வரும் பெரிய கிட்டை நான் கட்டியதில்லை. ஆகவே கீழே சொல்வது உங்கள் கையில் இருக்கும் அளவுக்கு மட்டுமே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பொம்மைக்கும் கப்பலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தடிமனில் இருக்கிறது. உண்மைக் கப்பலின் நீளம் 269 மீட்டர். உங்கள் மேசையில் அது 77 சென்டிமீட்டராக நிற்கும். அந்தக் கணக்கில் ஐந்தரை அடி மனிதர் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருப்பார். அவர் கைவைத்து நிற்கும் கிராதி மூன்று மில்லிமீட்டர் உயரம் இருக்கும். பிளாஸ்டிக்கில் வார்த்த கிராதிக் கம்பி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குவது அரிது. அதை 350ஆல் பெருக்கினால் பதினேழரை சென்டிமீட்டர் ஆகிறது. கிராதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசை வீட்டுத் தூண்கள் நிற்கின்றன. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் பொம்மை என்று அவருடைய கண் உடனே முடிவு செய்துவிடும். பித்தளையில் அதே கிராதி இதைவிட மிக மெல்லியதாக வரும். எனவே மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பித்தளையை வாங்குங்கள், அதிலும் கிராதிகள் உள்ள தகட்டை முதலில் வாங்குங்கள். விளக்கு இல்லாத கப்பலை யாரும் குறை சொல்வதில்லை. மரத்தளத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் வீம்பு உண்டு.

இதே தடிமன் கணக்கை கப்பலின் உடலுக்கும் போட்டுப் பாருங்கள். டைட்டானிக்கின் பக்கத் தகடுகள் சுமார் ஓர் அங்குல தடிமன் கொண்டவை. ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் படியுமாறு வரிசை வரிசையாக அடுக்கி, தறையாணிகளால் (ரிவெட்) பிணைத்தவை. ஓர் அங்குலம் 350இல் ஒரு பங்கானால் 0.07 மில்லிமீட்டர்; நாம் எழுதும் தாளைவிட மெல்லியது. கிட்களில் இந்த விளிம்புகள் பெரும்பாலும் படிக்கட்டு போலத் துருத்திக்கொண்டிருக்கும். உங்கள் கிட்டின் உடலை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் கோடுகள் கையளவு தூரத்திலிருந்தே அழுத்தமாகத் தெரிந்தால், 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, தட்டையான கட்டையில் சுற்றி, அந்த விளிம்புகளை மட்டும் மெல்லத் தேய்த்துக் குறையுங்கள். முழுவதும் அழித்துவிட வேண்டாம். பெயின்ட் ஏறிய பிறகு வெளிச்சம் சாய்வாக விழும்போது மட்டும் தெரிந்தால் போதும். ஆணித் தலைகளைச் சேர்க்கும் ஆசை எவருக்கும் வரும். ஏறத்தாழ முப்பது லட்சம் ஆணிகள் கொண்ட கப்பல் என்று படித்தவுடன் எனக்கும் வந்தது. ஆனால் இந்த அளவில் ஓர் ஆணித் தலை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். கண்ணுக்குத் தெரியும்படி வைத்தாலே அது பெரிதாகிவிட்டது என்று பொருள்.

அடுத்து வரிசை. விமானத்தில் விமானியின் அறையை முடித்து உடலை மூடிவிட்டால் பிறகு வேலை எல்லாம் வெளியேதான். கப்பலிலோ, மேல்தளத்தை ஒட்டும் முன் செய்ய வேண்டியவை ஒரு நீண்ட பட்டியல்; அதில் ஒன்றை மறந்தாலும் திரும்ப உள்ளே போக வழியில்லை. முதலில் செய்ய வேண்டியது, உடலின் அடிப்பகுதியில் இரண்டு துளைகள் போட்டு, உள்ளே நட்டுகளை எப்பாக்ஸிப் பசையில் பதித்து, கீழேயிருந்து போல்ட் கொண்டு ஒரு தடித்த பலகையில் கப்பலை முடுக்கிவிடுவது. கட்டும் காலம் முழுவதும் உடல் முறுக்கிக்கொள்ளாமல் அந்தப் பலகை பிடித்துக்கொள்ளும். முடிந்த பிறகு அதே துளைகளில் பித்தளைத் தாங்கிகளைப் பொருத்திக் காட்சிப் பெட்டிக்குள் நிறுத்தலாம். அதற்குப் பிறகு வட்டச் சாளரங்கள். குழிகளாக மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், அவற்றைக் கையால் சுழற்றும் சிறிய துளைப்பானால் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர் முனைகளைக் கொண்டு துளைக்க வேண்டும். அலுப்பான வேலைதான், நான் மாலை நேரத்தில் வானொலி கேட்டுக்கொண்டே ஒரு நாளைக்கு ஐம்பது என்று வைத்துக்கொண்டு முடித்தேன். துளையின் நடுவில் ஊசியால் ஒரு புள்ளி குத்திக்கொண்டு தொடங்கினால் முனை வழுக்காது. மின் துளைப்பானைத் தொடாதீர்கள். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகித் துளையின் ஓரம் தடித்துவிடும்.

விளக்கு வைப்பதாக இருந்தால் முடிவை இந்த இடத்திலேயே எடுத்தாக வேண்டும். பிளாஸ்டிக் ஒளியைக் கசியவிடும். உட்புறத்தில் முதலில் கறுப்பு இரண்டு பூச்சு, அதன் மேல் வெள்ளை ஒரு பூச்சு கொடுக்காவிட்டால், விளக்கைப் போட்டதும் கப்பல் முழுவதும் விளக்குக்கூண்டு போலச் சிவந்து ஒளிரும். 1912இல் அந்தக் கப்பலில் எரிந்தவை இழை விளக்குகள். ஆகவே நீலம் கலந்த வெள்ளை எல்இடி வேண்டாம், மஞ்சள் சாயல் உள்ளதையே வாங்குங்கள். 12 வோல்ட் மின்வழங்கியில் மூன்று மூன்று எல்இடிகளைத் தொடராக இணைத்து, ஒவ்வொரு தொடருக்கும் 680 ஓம் தடையைச் சேர்த்தால் நாலரை மில்லிஆம்பியர் அளவில் மங்கலாக எரியும். இந்த அளவில் மங்கல்தான் அழகு. எல்லாச் சாளரங்களிலும் வெளிச்சம் வர வேண்டியதில்லை; நள்ளிரவில் எந்தக் கப்பலிலும் எல்லாரும் விழித்திருப்பதில்லை என்பதை நினைத்து, மூன்றில் ஒரு பங்கு சாளரங்களைப் பின்னாலிருந்து கறுப்புத் தாளால் அடைத்துவிடுங்கள். முதல் முறை நான் செய்த தவறு இங்கேதான். எல்லாத் தொடர்களையும் ஒரே ஒருமுறை எரியவிட்டுப் பார்த்துவிட்டு, அன்றிரவே தளத்தை ஒட்டினேன். மறுநாள் இடது பக்கத்தில் ஒரு தொடர் எரியவில்லை. பற்றவைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது. தளத்தைப் பெயர்க்கப் போய் உடலின் விளிம்பு உடைந்தது. இப்போதெல்லாம் தளத்தை ஒட்டும் முன் ஒரு வாரம், தினமும் சில மணி நேரம் எரியவிட்டுப் பார்க்கிறேன்.

பெயின்ட்டில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டியவை இரண்டு கோடுகள். ஒன்று, கறுப்பு உடலுக்கும் கீழே உள்ள செம்பழுப்புக்கும் நடுவிலுள்ள நீர்மட்டக் கோடு. மற்றொன்று, கறுப்புக்கும் மேலே உள்ள வெள்ளைக்கும் இடையில் ஓடும் மெல்லிய பொன்மஞ்சள் கோடு. இரண்டும் ஒரே இயல்புடையவை என்று நினைத்துத்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். நீர்மட்டக் கோடு கடலின் மட்டம். அது எந்த வளைவும் இல்லாத சமதளத்தில் இருக்க வேண்டும். கப்பலைப் பலகையில் மட்டம் பார்த்து நிறுத்தி, அடிக்கட்டையிலிருந்து 30 மில்லிமீட்டர் உயரத்தில் (உண்மைக் கப்பலின் மிதவை ஆழம் 34 அடி 7 அங்குலம்) ஒரு மரக்கட்டையில் பென்சிலைப் பொருத்தி, கட்டையைப் பலகையில் நகர்த்திக்கொண்டே சுற்றி வந்தால் கோடு தானாக விழும். அளவுகோலை வைத்து இடையிடையே புள்ளி குறித்து இணைத்தால், முன்முனையிலும் பின்புறத்தின் அடிவளைவிலும் கோடு கட்டாயம் தவறும். பொன்மஞ்சள் கோடு இதற்கு நேர்மாறு: கப்பலின் தளங்கள் நடுவில் தாழ்ந்து இரு முனைகளிலும் மெல்ல உயர்வதால், அந்தக் கோடும் அவற்றுடன் வளைந்து ஏற வேண்டும். அதை நேராக இழுத்தால் கப்பல் முதுகு ஒடிந்தது போலத் தெரியும். இந்தக் கோட்டுக்கு நான் தூரிகையைப் பயன்படுத்துவதில்லை. டெக்கால் தாளில் (நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) வரும் பட்டையை ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, தகட்டின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஒட்டுகிறேன்.

வெளிர் நிறத்தை முதலிலும் அடர் நிறத்தைப் பின்னரும் அடிக்கும் வழக்கமே இங்கும் நல்லது. முதலில் வெள்ளை, மாஸ்கிங் டேப், பிறகு செம்பழுப்பு, மீண்டும் டேப், கடைசியில் கறுப்பு. டேப்பின் விளிம்பில் முன்பு அடித்த நிறத்தையே ஒரு மெல்லிய பூச்சாகக் கொடுத்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போனால், அடியில் கசிவது முன்னைய நிறம்தான். கோடு கத்தியால் வெட்டியது போல வரும். நீங்கள் சென்னையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் லாக்கர் வகைப் பெயின்ட்டை ஏர்பிரஷ் என்னும் காற்றுத் தெளிப்பானிலோ ஸ்ப்ரே டப்பாவிலோ அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, கறுப்பு பால் கலந்தாற்போல வெளுத்துவிடும். எனக்கு முழு உடலும் ஒருமுறை அப்படி வெளுத்தது. மெதுவாக ஆவியாகும் கரைப்பானைக் கலந்து மேலே மெல்லிய பூச்சு ஒன்று அடித்துச் சரிசெய்தேன். அதே ஈரம் சூப்பர் குளூவை வேகமாக இறுகவைக்கும். பிடித்துத் திருத்த அவகாசம் கிடைக்காது.

இதனால்தான் கிராதிகளை ஒட்ட நான் சூப்பர் குளூவைவிட மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையை விரும்புகிறேன். கோணல் தெரிந்தால் ஈரத் தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். சாளரங்களின் கண்ணாடியைப் புகைபோல வெளுக்கவைக்கும் ஆவியும் அதில் இல்லை. பித்தளைத் தகட்டை முதலில் வினிகரில் கழுவி, உலர்த்தி, பிரைமர் என்னும் அடிப்பூச்சும் வெள்ளையும் அடித்த பிறகே கிராதிகளை வெட்டி எடுங்கள். ஒட்டிய பின் அடித்தால் தளத்தின் நிறம் பாழாகும். வளைவுகளுக்கான துண்டுகளை மட்டும் பெயின்ட்டுக்கு முன்பே தீக்கொழுந்தில் ஒரு கணம் காட்டி மென்மையாக்கிக்கொள்ளலாம். பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் சாமணம் நம் ஊர் பட்டறைச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மாடல் கடைகளில் விற்பதைவிட முனை நன்றாகச் சேரும். பித்தளைத் தகட்டில் படிகள், பெஞ்சுகள், நாற்காலிகள் என்று இன்னும் பல பாகங்கள் இருக்கும். அவற்றில் எதையெல்லாம் வைப்பது என்று கேட்டால், தூரத்திலிருந்து வானத்துக்கு எதிரே நிழலாகத் தெரிபவை எல்லாம் அவசியம், மற்றவை உங்கள் பொறுமைக்கு ஏற்ப.

நிழலாகத் தெரிபவற்றில் முதன்மையானவை கயிறுகளும் கம்பிகளும்தான். ஓர் அங்குலக் கம்பி இந்த அளவில் தலைமுடியின் தடிமன். தையல் நூலைக் கட்டினால் பொம்மை திரும்பி வந்துவிடும். நூலின் பிசிறு தூசியையும் சேர்க்கும். மாடல்காரர்களுக்கென்றே விற்கும் ரப்பர் போல நீளும் நூலின் மிக மெல்லிய வகையை வாங்குங்கள்; கை பட்டாலும் அறாது, கொடிமரத்தை இழுத்துச் சாய்க்காது. இருந்தாலும் கிட்டின் பிளாஸ்டிக் கொடிமரங்களைப் பித்தளைக் கம்பிகளாக மாற்றிவிடுவது நல்லது. கோடையில் அவை வளைவதை நான் பார்த்திருக்கிறேன். கொடிமரங்களும் நான்கு புகைபோக்கிகளும் பின்னோக்கி ஒரே சாய்வில் நிற்க வேண்டும். அட்டையில் ஒரு கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்று ஒரு பாகை தவறினாலும் எதிர்ச் சுவரிலிருந்தே தெரியும். புகைபோக்கிகள் வட்டமல்ல, நீள்வட்டம். இரு பாதிகளை ஒட்டிய கோட்டைப் பட்டி போட்டுத் தேய்த்து முழுவதும் மறைத்தாக வேண்டும்.

இனி எது உறுதி, எது ஐயம் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கப்பலைப் பற்றி அடித்துப் பேசுபவர்கள் அதிகம். வெளித்தோற்றத்தில் பல உறுதியானவை. படகுத் தளத்துக்கு அடுத்துக் கீழே உள்ள ஏ தளத்தின் முன்பாதி கண்ணாடிச் சாளரங்களால் மூடப்பட்டிருந்தது; இரட்டைக் கப்பலான ஒலிம்பிக்கில் அது திறந்தே இருந்தது. உயிர்காப்புப் படகுகள் மொத்தம் 20. அவற்றில் மடக்குப் படகுகள் நான்கு. ஒற்றைப்படை எண்கள் வலப்பக்கத்தில், இரட்டைப்படை எண்கள் இடப்பக்கத்தில். மடக்குப் படகுகளில் இரண்டு அதிகாரிகள் அறையின் கூரைமேல் இருந்தன. பின்புறத்தில் பெயருக்குக் கீழே லிவர்பூல் என்று எழுதியிருந்தது. நான்காவது புகைபோக்கி கொதிகலன் புகைக்கானது அல்ல, முதன்மையாகக் காற்றோட்டத்துக்கானது. ஆகவே கரி படிந்ததாகக் காட்டுவதானால் முதல் மூன்றில் மட்டும் காட்டுங்கள்.

ஐயத்துக்குரியவற்றில் முதலாவது புகைபோக்கியின் நிறம். கப்பலை ஓட்டிய ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனத்தின் மங்கிய மஞ்சள் பழுப்பு அது என்பது தெரியும். ஆனால் கப்பலின் உண்மையான வண்ணப் புகைப்படம் எதுவும் கிடையாது, ஆகவே துல்லியமான சாயலைப் பற்றிய சண்டை ஓயவில்லை. ஆரஞ்சுக்கு அருகே போகாமல், கொஞ்சம் வெளிறிய சாயலைத் தேர்ந்தெடுங்கள். சிறிய அளவில் எந்த நிறமும் அடர்த்தியாகவே தெரியும். இரண்டாவது, நடுப் புரொப்பல்லர். கிட்களிலும் படங்களிலும் அதற்கு நான்கு இதழ்கள் இருக்கும். அது ஒலிம்பிக்கின் புகைப்படங்களிலிருந்து வந்த வழக்கம். கப்பலைக் கட்டிய பெல்ஃபாஸ்ட் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனத்தின் பழைய குறிப்பேடு ஒன்று டைட்டானிக்குக்கு மூன்று இதழ்கள் என்கிறது. புரொப்பல்லர் பொருத்திய நிலையில் டைட்டானிக்கைக் காட்டும் புகைப்படம் எதுவும் அறியப்படவில்லை. நான் குறிப்பேட்டை நம்பி மூன்று வைத்தேன். நான்கு வைத்தவரைத் தவறு என்று சொல்லமாட்டேன். புகைப்படங்களைப் பார்த்துக் கட்டும்போது இதே எச்சரிக்கை வேண்டும். டைட்டானிக் என்று தலைப்பிட்டு வரும் படங்களில் பல ஒலிம்பிக்குடையவை. அந்த நிறுவனத்தின் புகைப்படக்காரர் ராபர்ட் வெல்ச் எடுத்தவையும், சவுத்ஹாம்ப்டனில் ஏறி 1912 ஏப்ரல் 11 அன்று அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் இறங்கிவிட்ட, பின்னாளில் பாதிரியாரான பிரான்சிஸ் பிரவுன் எடுத்தவையும் நம்பிக்கைக்குரியவை.

துரு, கறை எல்லாம் வைக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அந்தக் கப்பல் சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டது ஏப்ரல் 2, மூழ்கியது 15. இரண்டு வாரம்கூட ஓடாத கப்பலின் பக்கங்களில் துரு வழிவதற்கு வழியில்லை. தளக் கோடுகளில் நீர்த்த பழுப்பை ஓடவிட்டுத் துடைப்பது ஒன்றே போதும்.

மரத்தளம் பற்றிச் சொன்ன வீம்பு இதுதான். உண்மைப் பலகை ஐந்து அங்குல அகலமானால் இங்கே அது 0.36 மில்லிமீட்டர். ஒட்டும் மரத்தகட்டில் இயற்கை மரத்தின் இழையோட்டம் அந்தப் பலகையைவிடப் பெரிதாகத் தெரியும். தகடே அரை மில்லிமீட்டர் அளவு தடிமன் என்றால் தளம் முழுவதும் பதினேழரை சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதாகக் கணக்கு. கதவுகளின் வாசற்படி புதைந்து, கதவுகள் குட்டையாகத் தெரியும். புகைப்படத்தில் அழகாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், பலர் விரும்பிப் போடுகிறார்கள். என் தேர்வு, சாம்பல் கலந்த வெளிர் சந்தன நிறப் பெயின்ட். அதன் மேல் அங்கங்கே சில பலகைகளுக்கு மட்டும் ஒரு மாற்றுச் சாயல். கிட்டின் படங்களில் வரும் தேன் நிறம் வேண்டாம்.

எவ்வளவு நாள் ஆகும் என்பதற்கு என் கணக்கு: இரண்டாவது கப்பலை சனி, ஞாயிறு மட்டும் உட்கார்ந்து பதினான்கு மாதங்களில் முடித்தேன், அதில் கிராதிகளுக்கு மட்டும் மூன்று மாதம். இந்த வாரம் நீங்கள் எதையும் ஒட்ட வேண்டாம். பலகையை வாங்கி, உடலில் இரண்டு துளை போட்டு, போல்ட்டை முடுக்கி, கப்பலை மட்டத்தில் நிறுத்திவிடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்கான அளவையும் அப்போதே எடுத்துவிடலாம். கொடிமரங்களின் உயரத்தைச் சேர்க்க மறந்து பெட்டியை இரண்டு முறை செய்ய நேர்ந்த கதை என்னுடையது.